வெள்ளை மாடு, சிவப்புக் காது: வேல்ஸ் மலையில் நடப்பவர்களுக்கு

லான்டெய்லோ ஊரை ஒட்டி டினெவுர் என்றொரு பழைய கோட்டை. அதன் பூங்காவில் வெள்ளை மாடுகள் மேயும். வேல்ஸுக்கு வேலைக்கு வந்த முதல் வசந்தத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு வந்து, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "காது என்ன நிறம்?"

கறுப்பு என்றேன்.

"அப்படியானால் பரவாயில்லை. அது மனுஷர் மாடு" என்று சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார்.

பண்ணையில் பிறந்து, பண்ணையில் வாழ்க்கைப்பட்டு, எழுபது வருஷம் பால் கறந்தவர். தன்னை 'மாம்கி' என்று கூப்பிடச் சொன்னார். தென் வேல்ஸில் பாட்டிக்கு அதுதான் பெயர். அடுத்த மூன்று குளிர்காலம், இரவுப் பணியில் அவருக்குத் தூக்கம் வராத நேரமெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது. அப்புறம் நானே நூலகத்தில் தேடிப் படித்ததும் உண்டு. மலைக்குப் போகிறேன் என்று சொல்லும் நண்பர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இப்போது எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். தேவதை என்று நம் மொழியில் சொன்னால் இறக்கை முளைத்து, கையில் மந்திரக்கோலோடு ஒரு பெண் வந்து நிற்கிறாள். வேல்ஸில் அப்படி இல்லை. அவர்கள் 'டில்வித் டேக்', அதாவது அழகான குடும்பத்தார். தென் வேல்ஸின் கிளமார்கன் பக்கம் 'பெண்டித் அ மாமாய்', தாய்மாரின் ஆசி. இரண்டுமே முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய மரியாதையான பெயர்கள். இருட்டியபின் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்று சொல்வோமே, அந்த மாதிரிதான். மலையில் நிற்கும்போது இந்தப் பெயர்களையே சொல்லுங்கள். கேட்கிறார்களோ இல்லையோ, காசா பணமா.

இந்தக் குடும்பத்தாரை நேரில் பார்த்தவர்கள் குறைவு. அவர்கள் வளர்க்கும் பிராணிகளைப் பார்த்தவர்கள்தான் அதிகம். ஆகவே ஆளைத் தேடாதீர்கள், மாட்டைப் பாருங்கள்.

மாட்டில் காதைப் பாருங்கள். உடம்பு பளீரென்று வெள்ளை, காது மட்டும் சிவப்பு என்றால் அது இந்த உலகத்துச் சொத்து அல்ல. ஏரியிலிருந்து வந்திருக்கும், அல்லது அன்னூனிலிருந்து. அன்னூன் என்பது வேல்ஸ் கதைகளின் மறு உலகம். நரகம் என்று பின்னால் வந்த பாதிரிமார்கள் சொன்னார்கள், கதையில் அது நல்ல விருந்து நடக்கிற அரண்மனைதான். சிவப்புக் காது வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 10ஆம் நூற்றாண்டு அரசர் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் பழைய வேல்ஸ் சட்டங்களில், டினெவுர் அரசரை அவமதித்தவன் கட்ட வேண்டிய தண்டம் என்ன தெரியுமா? சிவப்புக் காதுள்ள வெள்ளை மாடுகள். ஒன்றின் வாலை அடுத்ததன் தலை தொடும்படி, ஆர்கோயில் என்ற இடத்திலிருந்து டினெவுர் வரை வரிசையாக நிறுத்த வேண்டும். இருபதுக்கு ஒரு காளை, அதுவும் அதே நிறத்தில். அரண்மனைக்கே அப்படிப்பட்ட மாடு என்றால் மறு உலகத்துக்கு என்ன குறைச்சல் என்று கதை சொன்னவர்கள் நினைத்திருக்கலாம். இது என் ஊகம். மாம்கி ஒப்புக்கொள்ளவில்லை. "அவர்களிடமிருந்துதான் அரசனுக்குப் போனது" என்றார்.

சரி, அப்படி ஒரு மாடு உங்கள் மந்தையோடு சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்யக் கூடாது என்பதற்கு அபெர்டவிக்குப் பக்கத்து லின் பார்வோக் ஏரிக் கதையை விட நல்ல பாடம் கிடையாது. அங்கே ஒரு குடியானவன் அப்படி வழிதவறி வந்த பசு ஒன்றைப் பிடித்துக் கட்டிவிட்டான். அன்றிலிருந்து அவன் தொழுவத்தில் பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அதுவரை யாரும் காணாத அளவில். கன்றுகள் பெருகின. ஏழை பணக்காரன் ஆனான். பணக்காரன் ஆனதும் கணக்குப் பார்த்தான். பசுவுக்கு வயதாகிவிட்டது, இனி கறக்காது, கொழுக்க வைத்து அறுத்துவிடலாம். நாள் குறித்தான், கசாப்புக்காரர் வந்தார், ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. கையை ஓங்கியபோது மலை அதிர ஒரு கூச்சல். ஏரிக்கு மேலே பாறையில் பச்சை உடுத்திய ஒரு பெண் நின்று கூப்பிட்டாள்: மஞ்சளே, வழிதவறிய கொம்பே, ஏரிப் புள்ளியே, மொட்டையே, எழுந்து வீட்டுக்கு வாருங்கள். பசு எழுந்து ஓடியது. அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடி ஏரிக்குள் இறங்கிவிட்டன. அவை இறங்கிய இடத்தில் அல்லி பூத்தது. ஒன்றே ஒன்று மட்டும் பின்தங்கியதாகவும், அது காக்கை நிறத்துக்கு மாறியதாகவும், இன்றைக்கு இருக்கும் வேல்ஸ் கறுப்பு மாட்டினம் அதன் வழி வந்ததாகவும் சிலர் சொல்வார்கள்.

ஆக, விதி எளிது. வயதான மாட்டைக் கசாப்புக்கு விற்காதே. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் மாம்கியின் பண்ணையில் வயதான மாடுகள் விற்கப்பட்டன. "அவை சந்தையில் வாங்கியவை" என்பது அவர் பதில்.

வடக்கே ஹிராய்தோக் மலைப்பக்கம் 'புள்ளிப் பசு' என்று ஒன்று இருந்தது. அதற்குச் சொந்தக்காரர் இல்லை. பஞ்சத்தில் யார் போய் எந்தப் பாத்திரத்தை வைத்தாலும் நிறையக் கறக்கும். ஒரு சூனியக்காரி போய்ச் சல்லடையை வைத்துக் கறந்தாள். பாத்திரம் நிறையவே இல்லை, பசு வற்றிப்போனது, மனம் வெறுத்துக் கிளம்பிவிட்டது. அவ்வளவுதான் கதை. பால் கறக்கப் போகும்போது அடியில் ஓட்டை இல்லாத பாத்திரம் எடுத்துப் போங்கள் என்பதற்கு மேல் இதில் நான் சொல்ல எதுவுமில்லை.

பெரிய கதை கார்மார்தன்ஷயரில், எங்கள் பக்கத்திலேயே. லின் அ வான் வாஹ் என்ற சிறு ஏரி, லன்தெய்சாண்ட் ஊருக்கு மேலே, செங்குத்துப் பாறைச் சுவரின் காலடியில். 'ல்ல்' என்ற அந்த முதல் ஒலி நம் வாயில் சுலபமாக வராது. ல சொல்லும் இடத்தில் நாக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். எனக்கு வர ஆறு மாதம் ஆனது.

பிளைன்சௌதெ பண்ணையின் விதவைத் தாய் ஒருத்தியின் மகன் அந்த ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறான். தண்ணீர்மேல் ஒரு பெண் உட்கார்ந்து தலை வாருகிறாள். கையிலிருந்த ரொட்டியை நீட்டுகிறான். ரொம்பக் காய்ந்த ரொட்டி, வேண்டாம் என்று மறைகிறாள். மறுநாள் வேகாத மாவு, அதுவும் வேண்டாம். மூன்றாம் நாள் அரைவேக்காட்டு ரொட்டி, சரி என்கிறாள். (பிராணி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்த ஜீவன் எதைத் தின்னும் என்று இரண்டு முறையாவது தவறு செய்துதான் கண்டுபிடிக்க முடியும்.) பெண்ணின் தகப்பன் ஏரியிலிருந்து எழுந்து சீதனம் பேசுகிறான்: செம்மறி, மாடு, வெள்ளாடு, குதிரை, ஒவ்வொன்றிலும் ஒரே மூச்சில் எத்தனை எண்ணுகிறாளோ அத்தனை.

இங்கேதான் வழிகாட்டியில் மிகவும் உபயோகமான பகுதி. ஒன்று, இரண்டு என்று நூறு வரை போனால் மூச்சு முட்டிவிடும், பெரிய எண்களுக்குப் பெயரும் நீளம். அவள் ஐந்து ஐந்தாக எண்ணினாள். ஈன், டாய், ட்ரீ, பெட்வார், பிம்ப். மறுபடி ஈன், டாய், ட்ரீ, பெட்வார், பிம்ப். மூச்சு தீரும்வரை அதே ஐந்து. ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து பிராணி தண்ணீரிலிருந்து கரையேறியது. மாம்கி இதைச் சொல்லும்போது விரல் மடக்கி, உண்மையிலேயே ஒரே மூச்சில் எண்ணிக் காட்டுவார். தொண்ணூறு தாண்டிய நுரையீரலில் ஏழு சுற்று. நமக்கு ஏரியிலிருந்து சீதனம் வரும் வாய்ப்பு வந்தால் தமிழில் எண்ணாதீர்கள். 'நான்கு', 'ஐந்து' எல்லாம் மூச்சைத் தின்கிற சொற்கள். பிம்ப் போல ஒரு அசையில் முடியாது.

நிபந்தனை ஒன்று இருந்தது: காரணமில்லாமல் மூன்று முறை அடித்தால் போய்விடுவேன். மத்வை ஊருக்குப் பக்கத்தில் எஸ்கெய்ர் லாய்த்டி என்ற பண்ணையில் குடியேறினார்கள். பெயருக்குப் பொருள் 'பால்வீட்டு மேடு' என்பது போல வரும். மூன்று பிள்ளைகள். அப்புறம் ஒரு ஞானஸ்நானத்துக்குக் கிளம்பத் தாமதித்தாள் என்று கையுறையால் தோளில் தட்டினான். ஒரு கல்யாணத்தில் அழுதாள் என்று ஒரு தட்டு. ஒரு சாவு வீட்டில் சிரித்தாள் என்று ஒரு தட்டு. செல்லமாகத்தான் தட்டினான் என்று அவனுக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அவர்களோடு ஒத்துப்போகவில்லை. மாட்டை ஓட்டுகிறவன் கையும் அப்படித்தான், பேசிக்கொண்டே தட்டும்.

போகும்போது அவள் மந்தையைக் கூப்பிட்டாள். இந்தக் கூப்பாட்டைத் தமிழில் சொல்ல நம்மிடம் எல்லாச் சொல்லும் இருக்கிறது, ஆங்கிலத்தில் படித்தபோது எனக்குக் கிடைக்காத ருசி இதில் கிடைத்தது. வேல்ஷில் 'ப்ரெஹ்' என்றால் புள்ளி, 'மோய்ல்' என்றால் கொம்பில்லாத மொட்டை, 'கிளாஸ்' என்றால் நீலமும் சாம்பலும் கலந்த நிறம், நம் மயிலை. ஆகவே:

புள்ளிப் பசுவே, மொட்டைப் புள்ளியே, வெள்ளைப் புள்ளியே, கிழட்டு வெள்ளைமூஞ்சியே, அரசன் வாசல் வெள்ளைக் காளையே, கொக்கியில் தொங்கும் கறுப்புக் கன்றே, நீயும் குணமாகி வீடு வந்து சேர்.

அந்தக் கன்று அப்போதுதான் அறுபட்டுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. உயிர் வந்து இறங்கிப் போனது. வயலில் உழுதுகொண்டிருந்த நான்கு மயிலை எருதுகளையும் கூப்பிட்டாள். அவை கலப்பையை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை, இழுத்துக்கொண்டே மலையேறி ஏரிக்குள் போயின. அந்த உழவுச்சால் தெரிகிறது என்று காட்டுவார்கள். நான் பார்த்தேன். நீரோடை அரித்த பள்ளம் மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது, ஆனால் நேராக இருந்தது.

பிள்ளைகளுக்காக மட்டும் அவள் திரும்பி வந்து மூலிகை கற்றுக்கொடுத்தாள். மூத்தவன் ரிவலானும் அவன் மகன்களும் 13ஆம் நூற்றாண்டில் டினெவுர் பிரபு ரீஸ் க்ரிக்கின் வைத்தியர்கள் ஆனார்கள். மத்வை வைத்தியர்கள் என்று சரித்திரத்திலும் பெயர் இருக்கிறது, அவர்களது மருந்துக் குறிப்புகள் பழைய சுவடிகளில் இருக்கின்றன. மருந்து மிஞ்சியது, மாடு ஒன்றும் மிஞ்சவில்லை.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கே ஸ்னோடோனியா மலைப் பக்கத்தில் இதே கதையில் அடி கிடையாது, இரும்புதான். பெட்டுஸ் கார்மோன் பகுதியில் ஒருவன் டில்வித் டேக் பெண்ணை மணந்தான். இரும்பு மேலே படக்கூடாது என்பது ஒப்பந்தம். ஒரு நாள் இருவரும் சேர்ந்து மேய்ச்சலில் குதிரை பிடிக்கப் போனார்கள். அவன் கடிவாளத்தைக் குதிரைமேல் வீச, அதன் இரும்பு அவள்மேல் பட்டது. அந்த நிமிஷமே காணோம். கவனித்தீர்களா, இங்கேயும் ஒரு பிராணியைப் பிடிக்கிற அவசரம்தான். மலையில் அறிமுகமில்லாத குதிரையருகே போனால் கையில் இரும்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட, அறிமுகமில்லாத குதிரையருகே போகவே வேண்டாம். அருவிக்கரையிலோ ஓடைத் துறையிலோ, சேணமில்லாமல், ஆள் இல்லாமல், 'ஏறிக்கொள்' என்பதுபோல் நிற்கிற அழகான குதிரை 'கெஃபில் டூர்', தண்ணீர்க் குதிரை. ஏறினால் காற்றாய்ப் பறக்கும். பிறகு நடு ஆற்றுக்கு மேலேயோ மலை உச்சியிலோ பனிமூட்டமாகக் கரைந்துவிடும். நீங்கள் கரைய மாட்டீர்கள், விழுவீர்கள். என் மகள் இதைக் கேட்டு, "அப்படியானால் கடைசி வரை பிடரியைப் பிடித்துக்கொண்டால்?" என்றாள். பிடரியும் பனிதானே.

துரத்தவும் கூடாது. மாபினோகி என்ற பழைய வேல்ஸ் கதைகளில் டவெட் நாட்டு இளவரசன் புயில் அர்பெர்த் மேட்டில் உட்கார்ந்திருக்கிறான். வெள்ளைக் குதிரையில் பொன்பட்டு உடுத்த ஒரு பெண் மெதுவாகப் போகிறாள். ஆளனுப்புகிறான், எட்டவில்லை. வேகமான குதிரை கொடுத்து அனுப்புகிறான், எட்டவில்லை. வேகம் கூடக்கூடத் தூரமும் கூடுகிறது, அவள் குதிரையோ அதே மெது நடை. மூன்றாம் நாள் அவனே விரட்டிப் பார்த்துக் களைத்து, "நில்லுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கிறான். உடனே நிற்கிறாள். முன்பே கேட்டிருந்தால் குதிரைக்கு நன்றாக இருந்திருக்கும் என்கிறாள். அவள் ரியானன். நான் படித்த எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த வாக்கியம் இதுதான். அவனைப் பற்றிக் கவலைப்படவில்லை பாருங்கள், அவன் குதிரையைப் பற்றி.

இதே புயில்தான் அதற்கு முன் நாய் விஷயத்தில் மாட்டிக்கொண்டவன். கிளின் கீஹ் பள்ளத்தாக்கில் வேட்டைக்குப் போனபோது, யாருடையவோ நாய்கள் ஒரு கலைமானை வீழ்த்தியதைப் பார்த்தான். பளபளக்கும் வெள்ளை, காது சிவப்பு. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். அவற்றை விரட்டிவிட்டுத் தன் நாய்களுக்கு மானை ஊட்டினான். நாய்க்காரர் வந்தார். அன்னூனின் அரசன் அரௌன். இத்தனை மரியாதைக்கேட்டை நான் கண்டதில்லை என்றார். பரிகாரமாகப் புயில் ஒரு வருஷம் அவர் உருவில் அவர் நாட்டை ஆண்டு, அவருடைய எதிரியையும் வெல்ல வேண்டியதாயிற்று. நல்லபடியாக முடித்ததால் இருவரும் நண்பர்களானார்கள், குதிரையும் வேட்டைநாயும் பரிசாகப் போய்வந்தன. புயிலின் மகன் காலத்தில் அங்கிருந்து பன்றிகளும் வந்தன. பன்றி என்றால் என்னவென்றே அதுவரை இந்த நாட்டில் தெரியாதாம். அவற்றைக் குவிடியன் என்ற மந்திரவாதி ஏமாற்றி ஓட்டிப்போய், அதனால் போர் மூண்டது தனிக்கதை.

அந்த நாய்கள், கூன் அன்னூன், இரவில் வானத்தில் குரைத்துக்கொண்டு போகும். அடையாளம் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் நம் புத்திக்குத் தலைகீழாக இருக்கிறது: சத்தம் பெரிதாகக் கேட்டால் தூரத்தில் இருக்கின்றன, மெலிந்தால் அருகே வந்துவிட்டன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சகல பரிசுத்தவான்கள் தினத்தை ஒட்டிய இரவுகளில் அதிகம் என்பார்கள். ஒரு நவம்பர் இரவில் மாம்கியின் ஜன்னலுக்கு வெளியே அப்படியொரு சத்தம் மேலே போனது. காட்டு வாத்துகள் வலசை போகின்றன என்றேன். அவரும் ஆமாம் என்றார். ஆனால் திரையை இழுத்து மூடச் சொன்னார், சத்தம் தேய்ந்து நிற்கும்வரை என் கையை விடவில்லை.

வெள்ளாடு வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி. வெள்ளிக்கிழமை இரவுதோறும் டில்வித் டேக் வந்து வெள்ளாடுகளின் தாடியை வாரிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குப் பார்வையாக இருக்க வேண்டுமாம். 1880இல் அச்சான ஒரு தொகுப்பிலேயே இது இருக்கிறது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். கதவைத் தாழிடாதீர்கள்.

கோர்கி நாய்தான் அவர்கள் ஏறிப்போகும் வாகனம், தோளில் உள்ள ரோமத் தடம் சேணம் இருந்த இடம் என்று நினைவுப்பொருள் கடைகளில் எல்லாம் எழுதியிருக்கும். சந்தோஷமாக நம்புங்கள், ஆனால் மாம்கியின் தலைமுறைக்கு அது தெரியாது. 20ஆம் நூற்றாண்டில் ஒரு கவிதை வழியாகப் பரவியது. கோர்கிக்கு வேலை மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டுவது. பெயருக்கே குள்ள நாய் என்றுதான் பொருள். ஆனால் அவர்களிடம் தங்கள் உயரத்துக்கேற்ற குதிரையும் வேட்டைநாயும் இருந்தது பழைய சேதிதான். 1188இல் வேல்ஸைச் சுற்றிவந்த ஜெரால்ட் என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார். வாத்தியார் அடிக்குப் பயந்து ஓடி ஆற்றங்கரைப் பொந்தில் ஒளிந்த எலிடிர் என்ற பன்னிரண்டு வயதுப் பையனை இரண்டு குட்டி மனிதர்கள் பூமிக்கடியில் சூரியன் தெரியாத நாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இறைச்சி இல்லை, மீன் இல்லை, எல்லாம் பால் சாப்பாடு. பொய்யே கிடையாது. அம்மாவுக்குக் காட்ட ஒரு தங்கப் பந்தைத் திருடிக்கொண்டு ஓடிவந்தான், வாசற்படியில் தடுக்கி விழுந்தான், பின்னாலேயே வந்தவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு காறித் துப்பிவிட்டுப் போனார்கள். வழி மறைந்துபோனது. ஒரு வருஷம் தேடியும் கிடைக்கவில்லை.

கடைசியாக, லின் அ வான் வாஹ் ஏரிக்குப் போகிற விதம். லன்தெய்சாண்டிலிருந்து ஒற்றையடி ரோடு முடியும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, ஓடையை ஒட்டிய கரடுமுரடான பாதையில் ஏற வேண்டும். என் நடைக்கு ஒரு மணி நேரம். மழைச் சட்டை கட்டாயம். முன்பெல்லாம் ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று ஊர் ஊராக ஜனங்கள் அந்த ஏரிப் பெண்ணைப் பார்க்கப் போவார்களாம். நான் முதல் தடவை போனது ஒரு அக்டோபரில். பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை, ஏரி இருக்கிறது என்பதே கால் நனைந்துதான் தெரிந்தது. இரண்டாம் தடவை வெயில். தண்ணீர் கறுப்பாக, அசையாமல். எதிர்ச் சரிவு முழுக்கச் செம்மறிகள். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மூச்சை இழுத்து எண்ணினேன். ஈன், டாய், ட்ரீ, பெட்வார், பிம்ப். பதினோரு சுற்று வந்தது.

மறுநாள் மாம்கியிடம் சொன்னேன், ஐம்பத்தைந்து ஆடு என்று.

"காது பார்த்தாயா?"

பார்த்தேன், எல்லாம் வெள்ளை, நீலச் சாயத்தில் பண்ணைக் குறி போட்டிருந்தது என்றேன்.

"அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடு, பாஹ்" என்றார், கண்ணு என்பதுபோல. "ஐம்பத்தைந்துக்குக் குளிர்காலத் தீவனம் யார் வாங்குவது?"